குட்டியா, வெள்ளையா ஒரு மாத்திரை

பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூருக்கோ ஆத்தூருக்கோ வைத்தியத்துக்குக் கிளம்பும் பெரியவர்களின் கையில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் ஓ.பி. சீட்டு, மருந்துக்கடை பில், நாலாக மடித்த ரத்தப் பரிசோதனைத் தாள், கத்தரித்த மாத்திரை அட்டை. ஈசிஜி தாளும் இருக்கலாம். அது சூட்டில் எழுத்துப் பதியும் தாள். பெரம்பலூர் வெயிலில் கோடுகள் மங்கி வெறும் கட்டம்தான் மிஞ்சும். நெஞ்சுவலி வந்த அன்று இதயம் எப்படித் துடித்தது என்பதற்கு வீட்டில் இருந்த ஒரே சாட்சி அது.

சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் அழுகாமல் காக்கத் தெரிந்த மாவட்டம் இது. காகிதத்தைக் காக்கவா தெரியாது? எதைக் காக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"என்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்கிறார். "குட்டியா, வெள்ளையா இருக்கும் சாமி. காலையில ஒண்ணு." அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது, கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் அளவும் மாறலாம். சரி, அட்டையைப் பார்க்கலாம் என்றால், பத்தில் நாலைக் கடைக்காரர் கத்தரித்ததில் பெயரும் பாதி போயிருக்கும். அரசு மருந்தகத்தில் வாங்கிய கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும், தனியார் டாக்டர் ஒரு கம்பெனிப் பெயரில் எழுதிய அதே கிளிமிபிரைடும் ஒரே வயிற்றுக்குள் போவது இப்படித்தான். சர்க்கரை சரசரவென்று இறங்கும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். வீட்டில் பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிவார்கள். அதில் சர்க்கரை போட்டார்களா, உப்புப் போட்டார்களா என்பதில் உயிர் தொங்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறது. பெரிய காரியம், குறை சொல்ல இடமில்லை. ஆனால் பார்த்த அளவு அரசின் கணக்கில் ஏறுகிற மாதிரி அந்த வீட்டில் தங்குவதில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 27 முதல் நாடு முழுவதற்கும் விரிந்த மின்னணு மருத்துவப் பதிவுத் திட்டத்தில் 14 இலக்க ஆபா எண் உண்டு. அந்த எண்ணைத் திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபி மகனின் போனுக்குப் போகும். மகன் மலேசியாவில் இருப்பார்.

உள்நோயாளியின் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டு வாங்கியவர் ஊரில் எத்தனை பேர்?

மருத்துவக் குறிப்பை வீட்டிலேயே காக்கும் வழி புதிதல்ல. தாய் சேய் நல அட்டையைக் கேளுங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் அதை ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். தாய்க்கும் சேய்க்கும் ஒரே கையேடு என்பதை ஜப்பான் 1948-லேயே கொண்டுவந்தது. அங்கே மருந்துக்கும் தனியாக ஒரு கையேடு உண்டு. 2011 மார்ச் சுனாமியில் ஆஸ்பத்திரிக் கோப்புகள் அடித்துக்கொண்டு போனபோது, அந்தக் கையேட்டைக் கையில் வைத்திருந்தவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது உடனே தெரிந்தது.

பூலாம்பாடி கேட்பதும் அப்படி ஒரு நோட்டுத்தான். முதல் பக்கத்தில் நோய், நடந்த ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத மருந்து. அடுத்த பக்கங்களில் மருந்தின் மூலப்பெயர் தமிழில், எத்தனை மில்லிகிராம், யார் எழுதியது, எந்தத் தேதியில் நிறுத்தியது. நிறுத்திய மருந்துக்கும் ஒரு கட்டம் அவசியம். அதை எழுதாமல் விடுவதுதான் வழக்கம். அரசு டாக்டரும் தனியார் டாக்டரும் அதே நோட்டில் எழுத வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், புரை விழுந்த கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. அட்டை பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். பையில் வெற்றிலை பாக்கும் இருக்கும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இதையே ஊர்க்காரர்கள் மனுவாகவும் கொண்டுவருவார்கள். மனுவுக்கு ரசீது போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் அந்தத் துணிப்பைக்குள்தான் போகும்.