டைப் ஒன், டைப் டூ, டைப் த்ரீ: போதும் இந்தக் கூத்து

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் தாராசுரம் வீட்டுத் திண்ணையில் பேத்தி உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "இஃப் பிளஸ் பாஸ்ட் பெர்ஃபெக்ட், வுட் ஹேவ் பிளஸ்..." "அப்படின்னா என்னம்மா அர்த்தம்?" என்றேன். "அர்த்தமெல்லாம் கேக்க மாட்டாங்க தாத்தா. கோடிட்ட இடத்தை நிரப்பணும், அவ்ளோதான்."

கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அதே அட்டவணையை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். உங்களில் பாதிப் பேர் அதை நோட்டில் இறக்கிக்கொண்டவர்கள்.

நம் பக்கத்து விவசாயிக்கு இந்த இலக்கணம் தெரியாதா என்ன? "ஜூன் 12 மேட்டூர் திறந்தா நாத்து விடுவோம்" என்பார். அது டைப் ஒன். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. அப்போதெல்லாம் டீக்கடையில் கேட்டது "திறந்திருந்தா குறுவை போட்டிருக்கலாம்". அது டைப் த்ரீ. படிக்காதவரும் இதில் தப்புப் பண்ணுவதில்லை. ஆனால் நான் வகுப்பில் கொடுத்த உதாரணம் என்ன? "நான் பறவையாக இருந்தால் பறப்பேன்." எந்தப் பிள்ளை பறவையாக ஆசைப்பட்டது?

டைப் டூவில் பிள்ளைகள் திணறுவார்கள். நடக்காத விஷயத்துக்கு எதற்கு இறந்தகாலம் என்பார்கள். நம் 'வந்தால்', 'திறந்தால்' எல்லாமே இறந்தகால அடியில்தான் நிற்கின்றன என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஆங்கிலம் கூடுதலாகக் கேட்பது ஒன்றுதான்: இது நடக்கக்கூடியதா, வெறும் கற்பனையா? நடக்கும் என்றால் நிகழ்காலம், கற்பனை என்றால் இறந்தகாலம். நான் அதைச் சொல்லவில்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்ற காலம். இன்னும் சில பள்ளிகளில் அதே கதைதான்.

'கேன் ஏபிள் டு' என்று நம் ஊரே பேசுகிறதே, அதுவும் இப்படித்தான். 'முடியும்' ஒன்றுக்கு அங்கே இரண்டு வழி. பிரித்துக் காட்டவில்லை, இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் மதிப்பெண் விவகாரம் என்று விட்டுவிடலாம். அடுத்ததை விட முடியாது. என் மாணவன் ஒருவன், பட்டு நெசவுக் குடும்பம், ஆங்கிலத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவன். தறிக்கு வாங்கிய கடனின் வட்டி ஏறியதும் பத்திரத்தோடு வந்தான். வட்டி விகிதத்தை 'மே' மாற்றலாம் என்று எழுதியிருந்தது. "ஒருவேளை மாத்தினாலும் மாத்துவாங்கன்னு நினைச்சேன் சார். அந்த அதிகாரத்தை நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்னு தெரியலை." நம் 'லாம்' போலவே 'மே'வுக்கும் இரண்டு முகம்: மழை வரலாம், நீ உள்ளே வரலாம். எந்த இடத்தில் எந்த முகம் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ஆம் வருட நதிநீர்த் தாவாச் சட்டம், பிரிவு 6ஏ. நடுவர் மன்றத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த மத்திய அரசு ஒரு ஸ்கீம் அமைக்க 'மே' என்கிறது. 'ஷேல்' இல்லை. இறுதித் தீர்ப்பு வந்தது 2007-ல். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு வாரத்தில் அமைத்தே ஆகவேண்டும் என்றது. ஆறு வாரம் முடிந்தபின் 'ஸ்கீம்' என்றால் என்ன என்று விளக்கம் கேட்டுப் போனார்கள். ஆணையம் அரசிதழில் வந்தது ஜூன் 1-ல். எல்லாம் ஒரு வினைச்சொல்லால் என்று சொல்ல மாட்டேன், அரசியல் இருக்கிறது. ஆனாலும் டெல்டாப் பிள்ளைக்கு மோடல் வெர்ப் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

"போர்ஷன் முடிக்கணுமே சார்" என்பீர்கள், ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள். அட்டவணைக்கு இரண்டு வாரம் செலவழிக்கிறீர்கள் அல்லவா? அதில் ஒரே ஒரு பீரியட் கேட்கிறேன்.

இன்று காலை வீட்டுக்கு வந்த கடன் கடிதம் ஒன்றைப் பேத்தியிடம் கொடுத்து, 'மே', 'ஷேல்' எல்லாவற்றையும் வட்டமிடச் சொன்னேன். போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "தாத்தா, 'ஷேல்' எல்லாம் நமக்கு, 'மே' எல்லாம் அவங்களுக்கா?"

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கமெண்டில் சண்டைக்கு வரலாம். இந்த 'லாம்' அனுமதி.