மன்னிப்புப் பட்டியலில் இல்லாத மிஸ்ஸிமார்

2024 ஜூலையில் இலங்கையின் அமைச்சரவை ஒரு தீர்மானத்தை எடுத்தது. கொரோனாத் தொற்றினால் மரணித்தோரைக் கட்டாயமாகத் தகனம் செய்த கொள்கையினால் பாதிக்கப்பட்ட சகல சமூகத்தினரிடமும் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோருவது என்பதே அத்தீர்மானம். 276 முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டு, ஆட்சியும் மாறி, எல்லாம் ஆறிப்போன பின்னர் வந்த மன்னிப்பு அது. அதனை ஏற்பதா, மறுப்பதா என்பதை எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். அதில் கருத்துச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

என்னுடைய கேள்வி வேறு. அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் கொழும்பில் கூட்டம் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, நோயாளியின் கட்டிலருகே நின்று அதன் சுமையை நாள்தோறும் தாங்கியவர்கள் யார்? எங்கள் கரையோரத்தில் நாங்கள் 'மிஸ்ஸி' என்று அழைக்கின்ற தாதியர்கள் அல்லவா? அவர்களிடம் அரசும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். தொற்றினால் இறந்தவரை அடக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. ஆனால் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என்று காரணம் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அள்ளிச் சென்ற எங்கள் அம்பாறைக் கரையில், பெயர் தெரிந்தவரும் தெரியாதவருமாக ஆயிரக்கணக்கானோரை இந்த மணலில்தான் அடக்கினோம். அப்போது நீரைப் பற்றி எவரும் இப்படிக் கவலைப்படவில்லை. கட்டாயத் தகனத்துக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது. அடுத்த சில நாட்களில் பிறந்து இருபது நாட்களே ஆன ஒரு சிசு கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டி அழுதார்கள். அடக்கம் செய்யலாம் என்று மருத்துவர்களின் அமைப்புகளே கூறிய பின்னரும் அரசு அசையவில்லை. 2021 பெப்ரவரி 25இல்தான் உத்தரவு மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும் அடக்கம் செய்ய இடமளிக்கப்பட்டது.

இவை யாவும் ஜனாஸாக்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கின்றன. வைத்தியசாலை விடுதிகளில் இந்த உத்தரவு என்ன செய்தது என்பதை எவரும் எழுதவில்லை.

2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் வெடித்த தொற்று, மீன் வியாபாரத்தோடு பின்னிப்பிணைந்த எங்கள் கரைக்கு வந்து சேர அதிக நாட்கள் ஆகவில்லை. நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்று முடக்கப்பட்டது. டிசம்பர் இறுதியில் கல்முனை நகரின் ஒரு பகுதியும் முடக்கப்பட்டது. சரியாக அதே வாரங்களில்தான் எரிப்பைப் பற்றிய அச்சமும் உச்சத்தில் இருந்தது. விளைவு என்ன? காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குப் போகாதே என்பது எங்கள் ஊர்களில் எழுதப்படாத சட்டமாயிற்று. அங்கே போனால் பரிசோதிப்பார்கள்; தொற்று என்பார்கள்; மௌத்தானால் எரித்துவிடுவார்கள். மூச்சுத் திணறும் வரை வீட்டுக்குள் மறைத்து வைத்து, இனி முடியாது என்ற கட்டத்தில் முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கியவர்களை நான் அறிவேன்.

அந்த நேரத்தில் வாசலில் நின்றவர் யார்? வர்த்தமானியில் கையொப்பமிட்ட அமைச்சரா? நிபுணர் குழுவின் பேராசிரியரா? இல்லை, தாதியரே நின்றார்கள். ஒரு தமிழ்த் தாதிய உத்தியோகத்தர் பின்னாளில் என்னிடம் பேசினார். பெயர் வேண்டாம் என்றார். தன் விடுதியில் இருந்த முஸ்லிம் முதியவர்கள் மருந்தைப் பற்றியோ சுவாசத்தைப் பற்றியோ கேட்கவில்லை என்றும், தாங்கள் மௌத்தானால் எரிப்பார்களா என்ற ஒன்றையே ஒவ்வொரு இரவும் கேட்டார்கள் என்றும் சொன்னார். பொய் சொன்னால் பாவம். உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் அன்றிரவே உடைந்துவிடுவார். கேள்வி காதில் விழாதது போல ஒட்சிசன் குழாயைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுவாராம். இதற்கு எந்தத் தாதியர் பயிற்சிப் பாடசாலையில் பாடம் நடத்துகிறார்கள்?

நோயாளி தன்னைப் பராமரிப்பவரை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்த மருந்தும் பாதிதான் வேலை செய்யும். கட்டாயத் தகன உத்தரவு அந்த நம்பிக்கையையே அறுத்தது. விஞ்ஞானம் மறுத்த ஓர் உத்தரவை அரசு தன் தாதியர்களின் முகத்தில் ஒட்டி வைத்தது. மக்கள் அரசைப் பார்த்துப் பயப்படவில்லை. வெள்ளைச் சீருடையைப் பார்த்துப் பயந்தார்கள். இது இறந்தவர்களுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் இழைக்கப்பட்ட அநீதி மட்டுமே என்று எழுதுவது ஆகவேதான் அரைகுறையான வரலாறு.

அரசைச் சாடுவதோடு நிறுத்திக்கொண்டால் என் பேனா நேர்மையற்றதாகிவிடும். நாம் என்ன செய்தோம்? பகலில் முகநூலில் தாதியரைத் 'தேவதைகள்' என்று எழுதினோம். இரவில் அவர் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்யச் சொன்னோம். கடமை முடிந்து வீதிக்கு வந்தவரைக் கண்டு முச்சக்கர வண்டிகள் நிறுத்தாமல் போயின. அவருடைய பிள்ளையோடு விளையாட வேண்டாம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். கடற்கரையின் புழுக்கத்தில், காற்றுப் புகாத பாதுகாப்பு அங்கிக்குள், தண்ணீர் குடிக்காமலும் மலசலகூடம் போகாமலும் மணிக்கணக்காக நின்றுவிட்டு வந்த பெண்ணுக்கு நம் ஊர் கொடுத்த வரவேற்பு இது. பெயர்களை எழுதப் போவதில்லை. வாசிக்கும்போது யாருக்கு உறுத்துகிறதோ அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவுக் கடமை இருக்கிறது, அந்நிய ஆண்களைத் தொட வேண்டியிருக்கிறது என்று சொல்லி நம் பெண் பிள்ளைகளைத் தாதியர் தொழிலுக்கு அனுப்பத் தயங்கிய சமூகம் நாம். இப்போது நிலைமை மெல்ல மாறி வருகிறது என்பது உண்மை. ஆயினும் அந்த நாட்களில் நம் வாப்பாமாரின் மலத்தைத் துடைத்தவர்கள், அவர்களின் கடைசி மூச்சை எண்ணியவர்கள், பலவேளைகளில் பிறர் வீட்டுப் பெண் பிள்ளைகள். நகரில் ஆதார வைத்தியசாலைகள் இரண்டு. ஒன்று கல்முனை வடக்கில். மற்றொன்று அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. ஒன்றைத் தமிழருடையது என்றும் மற்றதை முஸ்லிம்களுடையது என்றும் பிரித்துப் பேசுவதில் நம் அரசியல்வாதிகள் வல்லவர்கள். எந்தக் கிருமியும் அந்த எல்லையை மதிக்கவில்லை. எந்தத் தாதியும் நோயாளியின் பெயரைப் பார்த்து ஊசி ஏற்றவில்லை. பிரதேச செயலகத்துக்காக உண்ணாவிரதமும் எதிர்ப்பு உண்ணாவிரதமும் இருந்த நகரத்தில், இரண்டு வைத்தியசாலைகளிலும் போதிய தாதியர் வேண்டும் என்று தமிழரும் முஸ்லிமும் ஒன்றாக அமர்ந்த ஒரு கூட்டத்தையாவது நான் கண்டதில்லை.

'சம்பளம் வாங்குகிறார்கள், கடமையைச் செய்தார்கள், இதில் மன்னிப்பு எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளத்தின் கதையையும் பார்ப்போம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, 2020ஐ தாதியரதும் குடும்பநல உத்தியோகத்தரதும் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் பிரகடனம் செய்திருந்தது. 2020 ஜனவரிக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையில் மட்டும் உலகெங்கும் 80,000 முதல் 180,000 வரையான சுகாதாரப் பணியாளர்கள் தொற்றினால் இறந்திருக்கலாம் என்று அதே நிறுவனம் பின்னர் மதிப்பிட்டது. கொண்டாட வேண்டிய ஆண்டு கபன் துணியில் முடிந்தது. இலங்கையில் 2021 ஜூலையில் தாதியர் சம்பள முரண்பாடுகளுக்குத் தீர்வு கேட்டுச் சுகவீன விடுமுறைப் போராட்டத்தில் இறங்கினார்கள். 2022 பெப்ரவரியில் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குக் கிடைத்தவை நீதிமன்றத் தடையுத்தரவும் அத்தியாவசிய சேவை வர்த்தமானியுமே. கேட்காமல் இருந்தால் தேவதை, கேட்டால் தேசத்துரோகி!

அதன் பின்னர் பொருளாதாரம் சரிந்தது. பெற்றோலுக்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. 2022 ஜூனில் அரசே தன் ஊழியர்களுக்குச் சம்பளமற்ற நீண்ட விடுமுறை கொடுத்து வெளிநாடு போகச் சொன்னது. அனுபவம் மிக்க தாதியர் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புகழ்ச்சியைக் கொண்டு அரிசி வாங்க முடியாது. ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில், ஓர் இரவு விடுதியில் இருவர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்க்கிறார் என்பதை, அடுத்த முறை மிஸ்ஸி வரச் சுணங்கினாள் என்று சத்தமிடும் முன்னர் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் கோருவது இவற்றைத்தான். பேரிடர்க் காலத்தில் தொற்றுக்குள்ளான, உயிரிழந்த சுகாதார ஊழியர்களின் விவரத்தை அரசு மாவட்ட வாரியாக வெளியிடட்டும். கட்டாயத் தகன உத்தரவு நோயாளிகளை வைத்தியசாலையிலிருந்து எவ்வாறு விரட்டியது என்பதை, அந்த விடுதிகளில் நின்ற தாதியரின் வாக்குமூலங்களோடு பதிவு செய்யட்டும். அடுத்த தொற்று வரும் முன்னர் அவர்களுக்கான போக்குவரத்து, தங்குமிடம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவை எழுத்தில் உறுதி செய்யப்படட்டும். நம் பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயில் நிருவாகங்களும் ஒரு வெள்ளிக்கிழமையையோ ஒரு திருவிழா நாளையோ ஒதுக்கி, அந்த நாட்களில் வீடு மறுக்கப்பட்ட தாதியரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கட்டும். பொன்னாடையும் விருதும் வேண்டாம். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வது நமக்கு மிகவும் எளிது.

ஓட்டமாவடியில் 3,600க்கும் அதிகமானோர் அடங்கியிருக்கிறார்கள். அவர்களுள் பலரின் முகத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அவர்களது மனைவியோ மகனோ அல்ல. முகம் மூடிய ஒரு தாதி. நாட்டின் மன்னிப்புப் பட்டியல் அவளுடைய பெயரையும் சேர்க்கும் வரை முழுமையடையாது.