கோடு துடைக்கிறோம், யாருடைய முகத்தில்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று எழுதிய வளைவு நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டுடியோவில் மிஞ்சியது ஏறக்குறைய அவ்வளவுதான். 'மந்திரி குமாரி' (1950) நமக்குப் பார்க்கக் கிடைக்கிறது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), இதே சேலத்து நிறுவனம் தயாரித்தது, கிடைக்கவில்லை. அன்றைய நைட்ரேட் ஃபிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும். தப்பியதையும் வெள்ளிக்காக உருக்கி விற்றார்கள்.

இப்போது பழைய படங்களை டிஜிட்டலில் மீட்கும் காலம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 ஃபிரேம்கள். கீறல், தூசி, நிற மங்கல் எல்லாவற்றையும் அதில் சரிசெய்ய வேண்டும். செலவு பெரிது. போட்ட பணம் திரும்பும் என்றால்தான் யாரும் கை வைப்பார்கள். 2012இல் சிவாஜியின் 'கர்ணன்', 2014இல் எம்ஜிஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' மீண்டும் திரைக்கு வந்தது அப்படித்தான். வரட்டும், நானும் விசிலடித்துப் பார்த்தவன்தான். ரசிகர் மன்றம் இல்லாதவர்களின் முகங்களை யார் மீட்பது?

பி.கே.ரோசியை நினைத்துப் பாருங்கள். மலையாளத்தின் முதல் மௌனப்படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி, தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திரையில் கல் எறிந்தார்கள். ஊரைவிட்டே விரட்டினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்து, நடிகை என்று யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படமும் இன்று இல்லை. படம் அழிந்ததற்குச் சாதிதான் காரணம் என்று சொல்லவில்லை; எல்லார் படமும்தான் அழிந்தது. ஆனால் மற்றவர்களுக்குச் சுயசரிதை உண்டு, பத்திரிகைப் பேட்டி உண்டு, வீட்டுச் சுவரில் மாட்டிய படம் உண்டு. ரோசி நடித்ததற்கு அந்தச் சுருள்தான் சாட்சி.

கூட்டக் காட்சிகளில் நின்றவர்கள், குழு நடனம் ஆடிய பெண்கள், அடிவாங்கி விழுந்த சண்டைக்காரர்கள் கதையும் இதுதான். டைட்டிலில் பெயர் கிடையாது. ஃபிரேமில் முகம் மட்டும் இருக்கிறது. அந்த ஃபிரேம் பூஞ்சை பிடித்தால் அவர்கள் அங்கே இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

ஆகவே எதை மீட்பது என்ற முடிவைச் சந்தையிடம் மட்டும் விட முடியாது. சேலத்தில் ஒரு பொதுத் திரைப்படக் காப்பகத்தை அரசு அமைக்க வேண்டும். படச்சுருளோடு பாட்டுப் புத்தகம், ஸ்டில், சம்பளப் பதிவேடு எல்லாம் அங்கே சேர வேண்டும். அதற்கு முன்பே நாம் தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. சேலம், நாமக்கல் பக்கத்துத் தோழர்களே, அந்த ஸ்டுடியோவில் விளக்குத் தூக்கியவர், செட் போட்டவர், துணி தைத்தவர் யாராவது உங்கள் தெருவில் இருக்கலாம். எண்பதைத் தாண்டியிருப்பார். போனில் பதிவு பொத்தானை அழுத்திவிட்டு, பேரிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.