கழுவிய தண்ணீர் எந்தப் பக்கத்தில்?

பெங்களூரு அல்சூரில் கணக்குத் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், 2023 ஏப்ரலுக்குப் பிறகு தன் வாடிக்கையாளர்களின் முகமே மாறிவிட்டது என்பார். அதுவரை மார்ச் கடைசியில் பழைய வவுச்சரைத் திறந்து தேதியை முன்னே பின்னே நகர்த்துவது சர்வ சாதாரணம். இப்போது கம்பெனி என்று பதிவு செய்தவர்கள் கணினியில் கணக்கு வைத்தால், யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடத்தைத் தானே பதிந்துகொள்ளும் மென்பொருளில்தான் வைக்க வேண்டும். அந்தத் தடத்தை அணைத்து வைக்கவும் கூடாது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட டாலி மென்பொருளிலும் 'எடிட் லாக்' என்று ஒன்று வந்தது. நாலு பேர் வேலை பார்க்கும் பிரைவேட் லிமிடெட்கூடத் தப்ப முடியாது.

நாலாயிரம் ரூபாய் வவுச்சருக்கே இவ்வளவு காவல். நச்சு படிந்த ராணுவ வண்டியைக் கழுவிவிட்டு, 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பதிவேட்டுக்கு என்ன காவல்?

மஸ்டர்ட் வாயுவுக்குப் பெயரில்தான் வாயு. உண்மையில் எண்ணெய் போன்ற திரவம். ரப்பரிலும் பெயின்டிலும் ஊறி, பிறகு மெல்லக் கசியும். தோலில் பட்டவுடன் வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். சரியாகக் கழுவினார்களா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கருவி முதலில் என்ன காட்டியது, பிறகு என்ன காட்டியது, எந்த மருந்தை எவ்வளவு நேரம் ஊற வைத்தார்கள் என்ற பதிவுகள்தான் சாட்சி. அந்தப் பதிவேட்டில் யாரும் அக்கறையோடு நிரப்பாத கட்டம் ஒன்று இருக்குமானால், அது கழுவிய தண்ணீர் எங்கே போனது என்பதாகத்தான் இருக்கும். பல நேரங்களில் நச்சு நீக்கம் என்பது நச்சை இடம் மாற்றுவதுதான்.

எலக்ட்ரானிக் சிட்டி இருக்கும் ஊர் இது. கைவைக்க முடியாத பதிவேடு வேண்டும் என்று வாயெடுத்தால், பதில் 'பிளாக்செயின்' என்று வந்து விழும். எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் கேட்கவே வேண்டாம். நான் அந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்ல. ஆனால் அதை விற்பவர்கள் ஒருமுறை சான் பிரான்சிஸ்கோவின் ஹன்டர்ஸ் பாயின்ட் கதையைப் படித்துவிட்டு வரலாம்.

1946-இல் பிகினி தீவில் அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தபோது, இலக்காக நிறுத்திய கப்பல்களில் சிலவற்றை ஹன்டர்ஸ் பாயின்ட் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவந்து கதிரியக்கத்தைச் சுரண்டி எடுக்க முயன்றார்கள். கப்பலைவிட்டு வந்த கதிரியக்கம் தளத்தின் மண்ணில் சேர்ந்தது. 1974-இல் கடற்படை அந்தத் தளத்தை மூடியது. 1989-இல் அது நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் ஏறியது. துப்புரவுப் பணி டெட்ரா டெக் நிறுவனத்தின் பிரிவு ஒன்றிடம் போனது. மாசுபட்ட இடத்தில் எடுக்க வேண்டிய மண்ணுக்குப் பதிலாக, சுத்தமான இடத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2012-இல் சில முடிவுகள் பழைய அளவீடுகளோடு பொருந்தவில்லை என்று கடற்படைக்குச் சந்தேகம் வந்தது. வேலை செய்தவர்களே சிலர் வாய் திறந்தார்கள். 2018-இல் இரண்டு மேற்பார்வையாளர்களுக்குத் தலா 8 மாதச் சிறை. அதற்குள் தளத்தின் ஒரு பகுதியில் வீடு கட்டி மக்கள் குடியேறிவிட்டார்கள். மற்ற இடங்களை மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதையில் ஆய்வகம் பொய் சொல்லவில்லை. தனக்கு வந்த மண்ணைத்தான் அளந்து எழுதியது. அதை பிளாக்செயினில் ஏற்றியிருந்தால், பொய்யை எவரும் அழிக்க முடியாதபடி பத்திரமாகப் பாதுகாத்திருப்போம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1992 ஆகஸ்டில் இந்தியாவும் பாகிஸ்தானும், ரசாயன ஆயுதங்களைத் தயாரிக்கவோ வாங்கவோ மாட்டோம் என்று கூட்டறிக்கை விட்டன. 1997 ஜூனில், ரசாயன ஆயுத ஒழிப்பு உடன்படிக்கையின்கீழ், 1,044 டன் மஸ்டர்ட் கையிருப்பில் இருப்பதாக இந்தியா அறிவித்தது. அதுவரை சொந்த மக்களுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. பிறகு நடந்தது மெச்சத்தக்கது. ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் சர்வதேச ஆய்வாளர்களின் கண்காணிப்பில், நீட்டிக்கப்பட்ட கெடுவான 2009 ஏப்ரலுக்குள் முழுவதும் அழிக்கப்பட்டது. அல்பேனியா, தென் கொரியாவுக்கு அடுத்து மூன்றாவது நாடு நாம்.

நம் ராணுவ வரலாற்றில் 'நச்சு ஒழிந்தது' என்ற வாக்கியத்தை நான் தயங்காமல் நம்புவது இந்த ஓர் இடத்தில்தான். அதை எழுதியதில் பாதிக் கை வெளியாருடையது என்பதுதான் காரணம். வெளியார் கையும் முழுக் காப்பு அல்ல. சிரியா 2013-இல் சுமார் 1,300 டன்னைக் காட்டியது. அதில் ஒரு பகுதியை நடுக்கடலில் கப்பலில் வைத்தே செயலிழக்கச் செய்தார்கள். காட்டாமல் விட்டது எவ்வளவு என்ற கேள்வி பல ஆண்டுகள் ஓயவில்லை.

ரகசியம் என்ற சொல் இங்கே உடனே எழும். தென் கொரியா தன் கையிருப்பை வெளியில் ஒப்புக்கொள்ள விரும்பவில்லை. தடை அமைப்பின் ஆவணங்கள் அந்த நாட்டைப் பெயர் சொல்லாமல் 'ஓர் உறுப்பு நாடு' என்றே குறித்தன. ஆனால் அழித்தது எவ்வளவு என்பதை ஆய்வாளர்கள் சரிபார்த்தார்கள். ஊருக்குச் சொல்லாமல் இருப்பது வேறு, ஒருவருக்குமே காட்டாமல் இருப்பது வேறு.

நம்மிடம் நல்ல பழக்கம் இல்லாமல் இல்லை. அபாயக் கழிவு விதிகள் 2016-இன்படி, கழிவு ஏற்றிய லாரியோடு ஒரு சீட்டு போக வேண்டும். அதற்கு ஏழு படிகள்: வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம், சாம்பல். அனுப்பியவர், ஏற்றிச் சென்றவர், பெற்றவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று எல்லோரிடமும் படி போகும். ஒரு படியைத் திருத்தினால் மற்றவை காட்டிக்கொடுக்கும். கார்பன் தாளில் செய்த பிளாக்செயின்!

ராணுவ மதில் சுவருக்கு உள்ளே கதை வேறு. அபாய ரசாயனங்கள் பற்றிய 1989 விதிகளை அமல்படுத்தும் பொறுப்பு, பாதுகாப்பு அமைச்சகத்தின் நிறுவனங்களைப் பொறுத்தவரை, அதே அமைச்சகத்தின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.விடம் இருக்கிறது. சி.வி. ராமன் நகரிலேயே அதன் ஆய்வகங்கள் உண்டு. அங்கே வேலை செய்யும் விஞ்ஞானிகளின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஆய்வு செய்பவரும் செய்யப்படுபவரும் ஒரே அமைச்சரிடம் பதில் சொல்கிறார்கள். போதாததற்கு, ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர மற்றவற்றில் டி.ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு.

வெளியார் கண் படாத இந்த இடங்களில் விலை கொடுப்பது யார் என்று பார்க்க வார்தா மாவட்டத்துப் புல்காவ் போக வேண்டும். 2018 நவம்பர் 20 அன்று, அழிப்பதற்காகக் கொண்டுவந்த பழைய குண்டுகளை இறக்கும்போது வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். அங்கே வேலையில் இருந்தவர்களில் ஒப்பந்ததாரர் கூட்டிவந்த கூலித் தொழிலாளர்களும் உண்டு. குண்டுக்கு வரிசை எண் இருந்திருக்கும். அன்றைய கூலி ஆட்களின் பெயர் எந்த ரெஜிஸ்டரில்?

நான் கேட்பது பெரிய இயந்திரம் அல்ல. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பாதுகாப்பு அமைச்சகத்தோடு சம்பந்தமில்லாத ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எங்கே மாதிரி எடுப்பது என்பதை, கழுவியவர் அல்லாத இன்னொருவர் தீர்மானிக்கட்டும். இலங்கையில் போருக்குப் பின் கண்ணிவெடி அகற்றிய நிலத்தை, அகற்றியவர் சொல்லை மட்டும் நம்பி மக்களிடம் கொடுப்பதில்லை. வேறு குழு வந்து சரிபார்க்கும். பதிவேட்டின் ஒரு படி தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.யிடம் போகட்டும். ராணுவத்தின் குண்டுக் கையிருப்பு எத்தனை நாள் போருக்குத் தாங்கும் என்பதையே 2015-இல் நாடாளுமன்றத்தில் வைத்த அமைப்பு அது. கழுவிய தண்ணீர் அதைவிடப் பெரிய ரகசியமா?

இதையெல்லாம் அல்சூர் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எடிட் லாக் வந்த பிறகு உங்களுக்கு வேலை குறைந்திருக்குமே என்றதற்குச் சிரித்தார். கம்பெனிக்காரர் கணக்கில் என்ன எழுதியிருந்தாலும், தான் முதலில் கேட்பது பேங்க் ஸ்டேட்மென்ட்தான் என்றார். அது இன்னொருவர் கையால் எழுதியது, அதனால்தான். பிறகு, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "சரிங்க, நீங்க சொல்ற அந்த இடத்துல பேங்க் யாரு?"