எந்தப் பக்கம் பத்திரம்?

கல்யாணப் படங்கள் பதிந்த சி.டி.யை எடுக்கும்போது பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பயந்து பயந்து தொடுகிறோம். உண்மையில் ஆபத்து மறுபக்கம்.

1982இல் விற்பனைக்கு வந்த சி.டி.யில், தகவல் அடுக்கு 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு அப்பால் இருக்கிறது. லென்ஸ் குவிக்கும் லேசர், பிளாஸ்டிக்கில் நுழையும்போது சுமார் 0.7 மி.மீ. அகலம், அடுக்கைத் தொடும்போது 2 மைக்ரானுக்கும் குறைவு. அகன்ற வட்டத்தில் விழும் தூசியோ சிறு கீறலோ லேசரின் கண்ணில் படுவதேயில்லை. பிளாஸ்டிக்கில் புகும் ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் பிசகும். அதைச் சரிக்கட்டும் வளைவையும் லென்ஸிலேயே வைத்துவிட்டார்கள்.

ஆனால் கூடுதல் தகவல் வேண்டுமென்றால் புள்ளி சுருங்க வேண்டும். அதற்கு ஒளிக்கூம்பு விரிய வேண்டும். கூம்பு விரிய விரிய, தகடு லேசாகச் சாய்ந்தாலும் புள்ளி கலைந்துவிடும். தீர்வு, பிளாஸ்டிக்கைக் குறைப்பதுதான். டி.வி.டி.யில் அது 0.6 மி.மீ.; 25 ஜிகாபைட் கொள்ளும் ப்ளூ-ரேயில் 0.1 மி.மீ. கேடயம் மெலிந்ததால்தான் ப்ளூ-ரேக்குக் கீறல் தாங்கும் கடினப் பூச்சு தேவைப்பட்டது.

சி.டி.யின் லேபிள் பக்கத்திலோ, தகவலுக்கு மேல் மெல்லிய பூச்சு மட்டுமே. அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால், எந்த லென்ஸாலும் படங்களை மீட்க முடியாமல் போகலாம்.