கப்பல்களுக்கு நினைவு, காவலர்க்கு மறதியோ?

திருகோணமலைத் துறைமுகத்தின் போர்க்கால வரலாறு பெரும்பாலும் ஒரே நாளின் வரலாறாகச் சுருக்கப்படுகின்றது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. ‘சகாயிங்’ என்னும் கப்பல் துறைமுகத்தினுள்ளேயே எரிந்தது. விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மிஸ்’ மட்டக்களப்புக் கடலில் மூழ்கிற்று. இச்செய்திகள் நூல்தோறும் காணப்படுகின்றன. யப்பானியக் கடற்படையின் வருகையை ஏப்ரல் 4ஆம் நாள் கண்டறிவித்த கனேடிய விமானி லெனாட் பேர்ச்சோல் ‘இலங்கையின் மீட்பர்’ எனப் போற்றப்படுகின்றார். அப்புகழ் அவருக்குத் தகும். ஆயின், அதே துறைமுகத்தில் கடமையாற்றிய இந்நாட்டு மைந்தர் எங்கே?

1937ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கைத் தொண்டர் கடற்படை, 1939 ஓகஸ்ட் 31இல் போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டது. துறைமுகக் காவலும் கடற்கண்ணி அகற்றலும் அதன் பணிகளாயின. இலங்கைக் காவற் பீரங்கிப் படையினர் கொழும்பிலும் திருகோணமலையிலும் கரையோரப் பீரங்கிகளை இயக்கினர். இவர்களன்றி, சீருடையும் பதக்கமும் இன்றிச் சுமையேற்றியும் கப்பல் பழுதுபார்த்தும் உழைத்த துறைமுகத் தொழிலாளரும் இருந்தனர். கப்பல்களின் பெயரறிந்தோர் இவர்களுள் ஒருவரின் பெயரையேனும் அறிவாரா?

“அந்நியன் நடத்திய போரில் கூலிக்கு நின்றோரை நினைவுகூர்வானேன்?” என வினவுவோர் உளர். வீழ்ந்த குண்டுகள் அந்நியன், சுதேசி என்று பார்த்து வீழவில்லை. மேலும், அப்படையினர் அனைவரும் வாய்பொத்தி நின்ற ஏவலாளருமல்லர். காவற் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஒரு பகுதியினர் 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் மூவர் அவ்வாண்டு ஓகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். பணிந்தோரும் பணிய மறுத்தோரும் ஒரே படையினரே. ஆநிரை கவரச் சென்று வீழ்ந்தவனுக்கும் அதனை மீட்கச் சென்று வீழ்ந்தவனுக்கும் ஒருங்கே நடுகல் நட்டது தமிழர் மரபு. போரின் நியாயத்தை ஆராய்வது வேறு. மாண்டவனை மறப்பது வேறு.

இம்மறதி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. முதலாம் உலகப் போரில் மாண்ட ஆபிரிக்கரும் ஆசியருமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயர் பொறித்தோ அல்லது எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை எனப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் அறிக்கையே 2021இல் ஒப்புக்கொண்டது. பேரரசின் குற்றம் அது. எனினும், திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையின் கைக்கு வந்தபின்னும் பேரரசின்மீதே பழி சுமத்துதல் பொருந்துமா? 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர் புதிய மரணங்களைக் குவித்துப் பழைய பெயர்களை மேலும் புதைத்தது மெய்யே. ஆயினும், 2018இல் ‘சகாயிங்’ கப்பலை இலங்கைக் கடற்படை நீரடியிலிருந்து உயர்த்தியது. எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்த இரும்பை மீட்க முடிந்த நாட்டிற்குப் பெயர்களை மீட்க முடியாதா?

நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தில் பல நாட்டு வீரர் பெயரோடு துயில்கின்றனர். அவ்வுரிமை துறைமுகத் தொழிலாளிக்கும் வேண்டும். பழைய பெட்டிகளுள் கிடக்கும் சேவைச் சான்றிதழ்களும் பதக்கங்களும் மறைந்தொழியுமுன், படைப்பிரிவு வாரியாகவும் தொழில் வாரியாகவும் ஒரு பெயர்ப்பதிவு மும்மொழியிலும் தொகுக்கப்படல் வேண்டும். பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இதனை மேற்கொள்ளலாம். பாடநூல்கள் இதனை ஏற்றல் வேண்டும். அதுகாறும் ஏப்ரல் 9இல் நிகழும் நினைவுரைகள் கப்பல்களுக்கான இரங்கலேயன்றி மனிதருக்கானவை ஆகா.