பாடம் எடுத்தால் மதம் மாறிவிடுமா?

முஸ்லிம் நாட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆங்கிலம் கற்பிக்கும் கிறிஸ்தவத் தன்னார்வலருக்குப் பாடம் வெறும் போர்வை, மதமாற்றமே நோக்கம் என்கிறார்கள். நம் ஊரிலும் இதைப் பலர் சந்தேகமின்றிச் சொல்கிறார்கள்.

முதலாவது, சான்று எங்கே? ஆசிரியரின் மதம் தெரிந்தால் நோக்கமும் தெரிந்துவிடுமா?

இரண்டாவது, நம் வரலாறு வேறு சொல்கிறது. ராமேஸ்வரத்து அப்துல் கலாம் படித்தது ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில். அவர் நன்றியோடு நினைவுகூர்ந்த ஆசிரியர் இயாதுரை சாலமோன். பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரி, இயேசு சபையார் நடத்துவது. 1954இல் அங்கே இயற்பியல் பட்டம். 2015இல் முஸ்லிமாகவே அடக்கமானார். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு வழிகாட்டியவர், அந்தப் பள்ளி யார் பெயரைத் தாங்குகிறதோ அதே ஸ்வார்ட்ஸ் பாதிரியார்தான். மன்னர் இந்துவாகவே ஆண்டார்.

மூன்றாவது, முஸ்லிம்கள் நடத்தும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் 1951 முதல் எல்லா மதத்தவரும் படிக்கிறார்கள். அங்கே இந்தக் கேள்வியை ஏன் யாரும் எழுப்பவில்லை?

ஆங்கில வகுப்பென்று கூட்டிவந்து பிரசங்கம் செய்தால் அது ஏமாற்று; அப்படிச் செய்பவரை வெளியேற்றுங்கள். செய்யாதவரை ஏன் தண்டிக்கிறீர்கள்?

உண்மையான குறை வேறு. பிள்ளைகள் கூச்சம் விட்டு வாய் திறக்கும்போது மாதம் முடிந்துவிடுகிறது. தன்னார்வலரிடம் மதத்தைக் கேட்காதீர்கள். அடுத்த ஆண்டும் வருவாரா என்று கேளுங்கள்.